"ஒண்ணும் சொல்ல மாட்டேன், படிங்க!"

காதல் கதையையோ சரித்திர நாவலையோ நண்பருக்குச் சிபாரிசு செய்பவர், பாதிக் கதையை அவரிடம் சொல்லிவிடலாம். மர்ம நாவலைக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. "நல்லா இருக்கும், படிங்க" என்பதைத் தாண்டி அவர் எது சொன்னாலும் ஆபத்து. ஆகவே, இங்கே சிபாரிசு எடுபடுவது சொல்லுகிற ஆளை நம்பித்தான்.

அந்த நம்பிக்கைக்குப் பொருத்தமானவர் அலுவலக சகா. பக்கத்து இருக்கைக்காரருக்கு எதற்குச் சிரிப்பு வரும், எதில் பொறுமை போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மறுநாள் காலையிலேயே, "எதுவரைக்கும் வந்திருக்கீங்க? யார் மேல சந்தேகம்?" என்று கேட்கவும் செய்வார். 1980களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் மேஜைக்கு மேஜை கைமாறியது இந்த வழியில்தான்.

இன்று அப்படிக் கைமாறத் தகுந்த புத்தகங்களில் ஒன்று ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. 2005இல் வெளியாகி, நவோகி பரிசு பெற்று, 2011இல் ஆங்கிலத்துக்கு வந்த நாவல். ஹிகாஷினோ அடிப்படையில் பொறியாளர். 1985இல் எடோகாவா ராம்போ பரிசு கிடைத்த பிறகே வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார்.

இந்த நாவலைப் பொறுத்தவரை, கொலை செய்தது யார் என்பதைச் சொன்னாலும் குற்றமில்லை. மதிய உணவு விற்கும் கடையில் வேலை பார்க்கும் யாசுகோ, தொல்லை தரும் முன்னாள் கணவனை மகளோடு சேர்ந்து கொன்றுவிடுவது தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி உதவிக்கு வருகிறார். துப்பறியும் போலீஸ்காரரின் நண்பரான இயற்பியலாளர் யுகாவாவோ, இஷிகாமியின் கல்லூரித் தோழர். 'யார்' என்ற கேள்வியின் விடையை வாசகர் கையில் கொடுத்துவிட்டு, 'இந்தக் கணித ஆசிரியர் அப்படி என்னதான் செய்தார்?' என்ற கேள்வியின் விடையை ஹிகாஷினோ தன்னிடம் வைத்துக்கொள்கிறார். அதைச் சொல்லத்தான் சகாவின் நாக்கு துடிக்கும்.

ரகசியம் காப்பதை ஒரு மரபாகவே ஆக்கிய நாடகமும் உண்டு. 1952இல் லண்டனில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' முடிந்ததும், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். கொரோனா காலத்தில் நின்று மீண்ட அந்த நாடகத்துக்கு இன்றும் கூட்டம் வருகிறது.

இவ்வளவு கட்டுக்காவல் தேவையா? 2011இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்றது அது. மர்மக் கதைகளும் அவற்றில் இருந்தன. பின்னர் வந்த வேறு ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகவும் கூறின. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முடிவு தெரிந்து படிப்பவருக்கு, ஆசிரியர் தடயத்தை எங்கே கண்ணெதிரே வைத்து மறைத்தார் என்பது புலப்படும். அது தனிச் சுவை. ஆனால் அந்தச் சுவையை மறுவாசிப்புகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பெறலாம். ஏமாறும் சுகம் முதல் வாசிப்பில் மட்டும்தான். அதைப் பறிக்கும் உரிமை சிபாரிசு செய்பவருக்கு இல்லை.

"கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதைக்கூடத் தவிர்க்கலாம். அதைக் கேட்டவர் கதையை விட்டுவிட்டு, எல்லாப் பாத்திரங்களையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். ஹிகாஷினோவின் நாவல் ஜப்பானில் 2008இலும், கொரியாவில் 2012இலும், இந்தியில் 'ஜானே ஜான்' என்று 2023இலும் படமாகியிருக்கிறது. சகா புத்தகத்தை நீட்டினால் முதலில் அதைப் படித்து முடியுங்கள். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.