கிராபிக்ஸ் கார்டுக்கு முன் வன்தட்டு

1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த மாதேஸ்வரன் மலையின் காவியத்தை, கம்சாளே என்னும் வெண்கலத் தாளம் இசைத்து இரவெல்லாம் பாடுவது மரபு. அதைக் காணொளியாகப் பதிவுசெய்த ஆய்வு மாணவர் தொகுப்புக்குக் கணினி வாங்கச் சென்றால், கடைகளில் முன்னிறுத்தப்படுவது விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு கொண்ட ‘கேமிங்’ கணினியே.

இரு பணிகளும் வேறானவை. விளையாட்டு ஒவ்வொரு காட்சியையும் புதிதாக வரைகிறது; அதற்கு அந்தக் கார்டு தேவை. வெட்டிச் சேர்த்து, எலான் மென்பொருளில் பாடலை எழுத்தாக்கி, துணைவரி இடும் தொகுப்புக்கோ சுருக்கப்பட்ட காணொளியை விரித்தளிப்பதே பெருஞ்சுமை. பெரும்பாலான இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸே அதைச் செய்யும். விலை குறைவென்று ‘எஃப்’ என முடியும் செயலியை வாங்கினால் அவ்வசதி இராது.

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவான காணொளி மணிக்கு 45 ஜிபி கொள்ளும். ஆறு மணி நேரப் பாடலுக்கு 270 ஜிபி. எனவே உதவித்தொகைப் பணம் முதலில் 32 ஜிபி நினைவகத்துக்கும், ஓர் எஸ்எஸ்டிக்கும், வெவ்வேறு இடங்களில் வைக்கத்தக்க இரண்டு வன்தட்டுகளுக்கும் செல்லட்டும். பவர் சப்ளை போதியதாக இருந்தால், மேசைக்கணினியில் கிராபிக்ஸ் கார்டை அடுத்த ஆண்டும் பொருத்தலாம். முதிய பாடகர் ஒருவரின் பதிவு அழிந்துபோனால், அவரை மீண்டும் பாடவைக்கும் வாய்ப்பு அமையாமலே போகலாம்.