ஆறு பேர், ஒரு ஏக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி, பிள்ளைகள் பலூனோடு ஓடியதும், பெரியவர்கள் பேச்சு வழக்கம்போல நிலத்துக்கு வந்துவிட்டது. பெங்களூரில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்தால் முதல் கால்மணி நேரம் ஊரில் மழையா, அடுத்த கால்மணி நேரம் டிராஃபிக், அதற்கப்புறம் சதுர அடி என்ன விலை என்பதுதான்.

சேலத்துக்காரத் தம்பி ஒருவர், இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது, என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணா, ஹொஸ்கோட்டே பக்கம் ஒண்ணரை ஏக்கர் வந்திருக்கு. பன்னெண்டு பேர் சேர்றோம், ஆளுக்கு இருபது லட்சம். பதினோரு பேர் ரெடி. எல்லாம் நம்ம ஆளுங்கதாண்ணா."

"பத்திரம் யார் பேர்ல?"

"எங்க டீம் லீடர் பேர்லதான். பன்னெண்டு பேரும் லீவு போட்டுட்டுப் போய் நிக்க முடியாதுல்ல. அப்புறம் சைட் பிரிச்சு ஆளாளுக்கு எழுதிக் கொடுத்துடுவார். தங்கமான மனுஷன்ணா."

தங்கமான மனுஷன். இதே வார்த்தையை நான் 2010-ல் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2010 கதை இது. தேவனஹள்ளியில் ஏர்போர்ட் திறந்து இரண்டு வருடம். வடக்குப் பக்கம் எங்கே பார்த்தாலும் கொடி நட்டு சைட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் கேண்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடும் ஆறு பேர் நாங்கள். ஐந்து பேர் தமிழ், ஒருவர் கோலார்ப் பக்கத்துக்காரர். தொட்டபள்ளாப்பூர் தாண்டி ஒரு ஏக்கர், 24 லட்சம். ஆளுக்கு நாலு லட்சம். நான் மனைவியின் நகையை வைத்துக் கொஞ்சம், பி.எஃப்.பில் கொஞ்சம் என்று புரட்டினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அப்போது கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் இருந்தன. விவசாயி அல்லாதவர், வேறு வருமானம் வரம்புக்கு மேல் உள்ளவர், விவசாய நிலம் வாங்க முடியாது. எங்கள் ஆறு பேரில் யாருக்கும் தகுதி கிடையாது. கோலார் நண்பர்தான் வழி சொன்னார். அவருடைய அப்பா விவசாயி, அவர் பேரில் வாங்கிவிடலாம். ஆறு பேரும் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். (அதை லேமினேட் வேறு செய்து வைத்தேன். சிரிக்காதீர்கள்!)

2013-ல் நண்பரின் அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து நண்பர் முகம் செத்துப்போய் வந்தார். அவருடைய இரண்டு தங்கைகளும் அப்பா பேரில் இருக்கும் ஏக்கரில் பங்கு கேட்கிறார்கள். அம்மாவுக்கும் பங்கு உண்டு. இது நம்ம ஃப்ரெண்ட்ஸ் பணம் என்று இவர் சொன்னால், "அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லலையே" என்கிறார்கள். அந்தப் பெண்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வக்கீலிடம் போனோம். லேமினேட் செய்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வெளியில காட்டாதீங்க சார்" என்றார். பணம் கொடுத்தது நான்தான் என்று சொல்லி, பத்திரத்தில் பேர் உள்ளவர்மீது வழக்குப் போட முடியாது என்று 1988-லேயே பினாமிச் சட்டம் சொல்லிவிட்டதாம். அதற்கு மேல், வாங்கத் தகுதி இல்லாத நிலத்தைச் சுற்றி வளைத்து வாங்கினோம் என்பதற்கு எங்கள் கையெழுத்தோடு நாங்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. (2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். சொத்துப் பறிமுதல், 1 முதல் 7 வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவிகிதம் வரை அபராதம்.)

நண்பர் ஏமாற்றவில்லை. தன் சம்பளத்திலிருந்து எங்கள் ஐந்து பேருக்கும் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கடைசித் தவணை 2018 மார்ச்சில் வந்தது. வட்டி கிடையாது, அசல் மட்டும். அவர் பக்கம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய நாலு லட்சம், எங்களுக்குக் கொடுத்த இருபது லட்சம். கையில் நின்றது அம்மா, தங்கைகள் பங்கு போக கால் ஏக்கர். ஐந்து பேரில் ஒருவர்கூட "போதும் விடுடா" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசித் தவணைக்கு "ரிசீவ்ட்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, அந்த 79ஏ எல்லாம் 2020-லயே எடுத்துட்டாங்களே. இப்ப யார் வேணா வாங்கலாம்" என்றார். உண்மைதான், விவரமான பையன். ஆனால் ஒருவர் பேரில் பத்திரம், பன்னிரண்டு பேர் பணம் என்பது அப்படியேதானே இருக்கிறது? டீம் லீடர் தங்கமாகவே இருக்கட்டும். அவருக்கும் மனைவி, மக்கள், மாரடைப்பு எல்லாம் உண்டே. பன்னிரண்டு பேர் பேரையும் பத்திரத்தில் போட்டு வாங்கினால் அது சட்டப்படி சரி. அதில் வேறு தலைவலி, விற்கும்போது அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். அதில் இரண்டு பேர் அதற்குள் நியூஜெர்சி போயிருப்பார்கள்.

அப்புறம் அந்த "சைட் பிரிச்சு" விஷயம். விவசாய நிலத்தைக் கன்வர்ஷன் இல்லாமல், லேஅவுட் அனுமதி இல்லாமல் துண்டு போட்டால் அதற்குப் பேர் ரெவின்யூ சைட். வங்கிக் கடன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் இ-கத்தா இல்லாமல் பத்திரப் பதிவும் நடக்காது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை சைட்டாகப் பிரித்து விற்பதென்றால் 2016 ரெரா சட்டப்படி முதலில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முன் விளம்பரமே கூடாது. வாட்ஸப்பில் "பிரீ லாஞ்ச், நண்பர்களுக்கு மட்டும்" என்று வருகிறதே, அதை அனுப்பும் நண்பரிடம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: "இதுல உனக்கு எவ்வளவு வருது?" கமிஷன் வாங்கி இப்படிப்பட்ட திட்டத்தை விற்றுக் கொடுப்பவர் என்றால் அவரும் ரெராவில் ஏஜெண்டாகப் பதிந்திருக்க வேண்டும்.

நான் நெட்வொர்க்கிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல இடம் பேப்பர் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னாலேயே நாலு பேர் வாய்வழியாகப் போய்விடும். ஆள் தெரியாமல் இந்தத் தொழிலில் காலே வைக்க முடியாது. என் கேள்வி வேறு. நம் நெட்வொர்க்கில் யார் இருக்கிறார்கள்? ஆபீஸ் தமிழர்கள், தமிழ்ச் சங்கத்தில் பார்ப்பவர்கள், ஊர்க்காரர்கள். என் போனில் அப்படி இருநூறு பேர் இருப்பார்கள். 2010-ல் அந்த இருநூறு பேரில் ஒரு பஹணியைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடையாது. பஹணி கன்னடத்தில் இருக்கும், ம்யூடேஷன் கன்னடத்தில், பழைய மூலப் பத்திரம் அதைவிடப் பழைய கன்னடத்தில். பதினைந்து வருடம் இருந்தும் பஸ் போர்டுக்கு மேல் நமக்குப் படிக்க வராது. படிக்கத் தெரியாத இருநூறு பேர், ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "அவரே போட்டிருக்காரு, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று தைரியம் சொல்லிக்கொள்கிறோம். பலர் ஓசூர் பக்கம் போய் வாங்குவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. பட்டாவும் வில்லங்கமும் தமிழில் இருக்கிறது, அப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

எங்கள் பழைய வாடகை வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு கன்னடப் பெரியவர், சர்வே இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறு வருடம் எதிரும் புதிருமாகக் குடியிருந்தும் "ஊட்டா ஆயித்தா?" தாண்டி நான் பேசியது இல்லை. 2015-ல் நம் ஆட்கள் வழியாக இன்னொரு இடம் வந்தபோது, சூடு கண்ட பூனையாக, அந்தப் பேப்பரை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். உரிமை எப்படி வந்தது என்ற இடத்தில் விரலை வைத்து, "மஞ்சூரு" என்றார். அரசு மானியமாகக் கொடுத்த நிலம். தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பத்துக்குக் கொடுத்ததாக இருந்தால், 1978-ல் வந்த சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் விற்ற விற்பனை செல்லாது, நிலம் அந்தக் குடும்பத்துக்கே திரும்பிவிடும். "யாருக்கு, எந்த வருஷம் கொடுத்ததுன்னு கேட்டுட்டு வா" என்றார். கேட்டேன். புரோக்கர் அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. (2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை மீட்க மனுக் கொடுப்பதற்குக் காலவரம்பே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அவர்கள் நிலம் அவர்களுக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடுவில் பணம் போட்டு நிற்பவன் நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.)

கடைசியில் 2019-ல் நான் வாங்கிய இரண்டு படுக்கையறை வீடும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். அவர் சொந்தக்காரர் மைசூருக்குக் குடிபெயர்ந்ததால் விற்றார். வாடகை, போட்ட பணத்துக்கு மூன்று சதவிகிதம்தான் தேறும். வேண்டாம், அதைப் பற்றிப் பெருமை பேச ஒன்றும் இல்லை :-)

"ஆறே மாசத்துல கைமாத்திடலாம்ணா" என்றும் தம்பி சொன்னார். கர்நாடகத்தில் பதிவுக் கட்டணமே 2025 ஆகஸ்ட் 31 முதல் 1-லிருந்து 2 சதவிகிதம் ஆகிவிட்டது, முத்திரைத் தீர்வை 5 சதவிகிதம் தனி. 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து அதே வரி விகிதத்தில் போகும். இதையெல்லாம் கழித்துவிட்டு ஆறு மாதக் கணக்கு போடச் சொன்னேன். போனில் கால்குலேட்டரைத் திறந்தார், மூடினார்.

சர்வே நம்பர் தெரிந்தால் பஹணியைப் பூமி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், நீயே எடு என்று சொல்லி அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எடுத்து அனுப்பிவிட்டார். இந்த நாலைந்து வருடத்தில் கொஞ்சம் கன்னடம் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறேன். பேர் தெரிகிறது, ஏக்கர் குண்டே கணக்கு தெரிகிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. காலையில் பெரியவர் வாக்கிங் வரும் நேரத்துக்குப் பார்க் வாசலில் போய் நிற்க வேண்டும். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.