பின்னிருக்கையின் பிரமை

படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் இளைப்பாறுவதற்காக நிற்கும் வண்டி என்றே கேரவனை நெடுங்காலம் அறிந்திருந்த நம் ஜனங்கள், இப்பொழுது அதைப் பிரயாணத்துக்குரிய வாகனமாகவும் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது; அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கச் சென்ற பெற்றோர், அங்கே ஆர்.வி. என்று வழங்கும் அவ்வகை வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் வரையில் போய்வந்த கதையை ஊர் திரும்பிச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் அமைந்த அந்த வண்டிக்குள் கால் வைத்ததுமே, இது வீடுதான் என்றொரு பிரமை மனிதனைப் பற்றிக்கொள்ள, வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து காபி கலக்கப் போகிறார். ஒருவர் கால் நீட்டிப் படுக்கிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து குழந்தைகள் சீட்டாடுகிறார்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போட்டிருக்கும் சோபாவில் பெல்ட் இருந்தாலுங்கூட, முன்னோக்கி அமர்ந்தவனைக் காப்பதைப் போல அது பக்கவாட்டில் அமர்ந்தவனைக் காக்காது என்பதை அங்கே யாரும் நினைப்பதில்லை.

கேரவனைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதே பிரமையின் சிறிய பதிப்பு நம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பின்னிருக்கையில் இருக்கிறது. புதுக் கார் வந்த மறுநாளே சீட் கவர் மாட்டுகிறோம். பெல்ட்டைச் செருக வேண்டிய பக்கிள் அந்த உறைக்குள்ளே புதைந்துபோகிறது. என்றைக்கேனும் யாருக்கேனும் ஞானோதயம் ஏற்பட்டு, இடுக்கில் விரலை விட்டுத் துழாவினால், பிஸ்கட் தூளும் பேனா மூடியும் ஒரு ரூபாய் நாணயமும் அகப்படுமேயன்றிப் பக்கிள் அகப்படாது. முன்னிருக்கையின் கதை இன்னும் விநோதமானது. சுங்கச்சாவடியில் போலீஸ்காரர் தலை தெரிந்ததும் பெல்ட்டை இழுத்து மார்பில் பிடித்துக்கொண்டு, அவரைக் கடந்ததும் விட்டுவிடுகிறவர்கள் போதாதென்று, எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்காக வெறும் உலோக நாக்கொன்றை வாங்கிப் பக்கிளில் செருகிவைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். இந்தக் கிளிப்புகளை விற்றுவந்த ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு, விற்பனையை நிறுத்தும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட நேர்ந்தது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், வண்டிதான் நிற்கிறதேயொழிய அதற்குள் இருப்பவர் நிற்பதில்லை. எதிரே உள்ளதில் மோதும் வரையில் அவர் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறார். ஏறக்குறைய நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான மோதல் அது. கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் ஆசனங்களை வடிவமைத்துவந்த நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர், வால்வோ நிறுவனத்துக்கு வந்து, மனிதனை வண்டிக்குள் பிடித்து நிறுத்தும் மும்முனை பெல்ட்டை 1959இல் அளித்தார். மார்பெலும்பும் இடுப்பெலும்பும் உடம்பில் பலமான இடங்கள். மோதலின் விசையை அவ்விரண்டின்மேல் பரப்பிவிடுவதே அதன் சூட்சுமம். ஆகையால்தான் கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகள் அதை வயிற்றுக்குக் கீழே தாழ்த்திப் போட வேண்டும். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. வியாபார உலகில் அடிக்கடி காணக் கிடைக்காத பெருந்தன்மை.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தின்மேல் நேர்ந்த விபத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவரும் அவரோடு மாண்ட இன்னொருவரும் பின்னிருக்கையில் இருந்தவர்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். முன்னே இருந்த இருவரும் படுகாயத்தோடு உயிர் தப்பினர். விலையுயர்ந்த ஜெர்மானியக் கார் அது. அந்த ஒரே ஆண்டில் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்றும், அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகளே என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. முன்னோக்கிய பின்னிருக்கையில் அமர்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்ற விதி நம் தேசத்தில் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

என் உயிர், என் விருப்பம் என்று சிலர் வாதிப்பதுண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற மாநிலம் இந்த வாதத்தை ஏற்று, வயது வந்தவர்களைப் பெல்ட் அணியுமாறு இன்றுவரை கட்டாயப்படுத்தாமலே இருக்கிறது. சுதந்திரத்தின்மேல் எனக்கும் பற்று உண்டு; ஆயினும் பின்னால் கட்டுண்ணாமல் இருக்கும் 70 கிலோ மனிதர், மோதிய கணத்தில், முன்னால் ஒழுங்காகப் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்கும் மனைவியின் முதுகின்மேல் அந்த வேகத்தோடு வந்து விழுகிறாரே, அதை எந்தச் சுதந்திரத்தில் சேர்ப்பது? கேரவனில் காபி கலக்க எழுந்தவரும், மேடைமேல் அவர் வைத்த குக்கரும் அவ்வாறே ஓட்டுநரை நோக்கிப் பாய்வார்கள். மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லும் தாயின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பத்துக் கிலோ குழந்தை அவள் கையில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகிவிடுகிறது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாலோ, தாயின் உடம்பே சேயை நசுக்கும். அதற்கென்று தனி இருக்கை வாங்கப் பின்வாங்குகிற குடும்பம், அதே காரில் பாட்டுக் கேட்க அதைவிடக் கூடுதலாகச் செலவழித்திருப்பதைப் பார்க்கிறோம்.

பழனிக்கும் சபரிமலைக்கும் கல்யாணங்களுக்கும் ஆள் ஏற்றிப் போகும் வேன்களும் டாக்ஸிகளும் தகுதிச் சான்றுக்காக, அதாவது எஃப்.சி.க்காக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தே தீர வேண்டியவை. பிரேக்கையும் விளக்கையும் சோதிக்கிற மோட்டார் வாகன ஆய்வாளர், இரண்டு நிமிஷம் செலவழித்துப் பின்வரிசைகளிலும் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பக்கிளில் மாட்டிப் பார்க்கட்டும். உறைக்குள் புதைந்திருந்தால் உறையைக் கிழித்துவிட்டு வரும்படி வண்டியைத் திருப்பி அனுப்பட்டும்.