நான்காவது மலையையும் பார்

"மலையேறப் போற இடத்துலயும் சாதியா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அங்கேயும்தான். அதை நாம் தூக்கிக்கொண்டு போகவில்லை தோழர்களே, நமக்கு முன்பே அது மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். விடுமுறை நாளென்றால் சென்னை, புதுச்சேரியிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறி, உச்சியில் செல்ஃபி எடுத்து இறங்குகிறார்கள். 2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் செஞ்சி சேர்ந்துவிட்டது. 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று பிடித்தவர்களின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். கல் சுமந்தவர்களின் பட்டியல் எங்கே?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளோடு பயணக் குறிப்புகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. நான்காவதாக ஒரு சிறிய மலை இருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை, அருந்ததியருக்கு மட்டும் வசைச்சொல்லாகிப்போன சாதிப்பெயரில் ஒரு மலை! சேணமும் கடிவாளமும் வாளுறையும் தைத்துக் கொடுக்க ஆளில்லாமல் எந்த ராஜாவின் குதிரைப்படை நகர்ந்தது?

செஞ்சியில் உழைத்தவரைக் காணாத அதே கண்தான் எங்கள் மரக்காணத்துக்கும் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலைப் படம் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கிய ஊர்களில் ஒன்று இது. படத்தில் வெள்ளை மலை இருக்கிறது, அதை வாரிச் சுமந்து கொட்டிய பெண்கள் இல்லை. உங்களுக்கு அழகாகத் தெரியும் அந்த வெண்மை, நாள் முழுக்க அதில் நிற்பவர்களின் கண்ணைக் கெடுக்கிறது. கால்களை உப்பு அரிக்கிறது. மழை தொடங்கிவிட்டால் வேலையே கிடையாது. அரசு 2022இல் கொண்டுவந்த மழைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 55 ரூபாய்கூட வராது.

மலையேறாதீர்கள் என்று சொல்லவில்லை. சேரிப் பிள்ளைகளும் ஏறட்டும், உச்சிக்காற்று அவர்களுக்கும் சொந்தம். ஆனால் கோட்டை வாசலில் நான்கு மலைகளின் கதையும் எழுதப்பட வேண்டும் என்று தொல்லியல் துறையிடம் கேளுங்கள். நான்காவது மலையின் பெயரை என்ன செய்வதென்று அருந்ததியர் மக்கள் முடிவு செய்யட்டும். சத்தமில்லாமல் மறைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. மரக்காணத்தில் படம் எடுக்கும் முன் இறங்கிப் போய் அன்றைய கூலி எவ்வளவு என்று கேளுங்கள். பதிவு போடும்போது படத்தோடு அந்தத் தொகையையும் சேர்த்துப் போடுங்கள்.