பேசாத காயம் ஆறாது



நமது அங்கத்தவர் ஒருவர் ஒன்பது வயதில் கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், நல்ல துணி என்று தரகர் சொன்னதை நம்பி அப்பா அனுப்பினார். சோறு கிடைத்தது. பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையின் சண்டை மூண்டபோது, பிள்ளை உயிரோடிருக்கிறாளா என்று அறிய லயத்திலிருந்த தாய்க்கு வழியில்லை. பதினேழு வயதில் திரும்பி வந்தார். பெற்ற தாயோடு என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று இன்றும் கண் கலங்குகிறார்.

இது ஒருவர் கதையல்ல. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ குசினிகளில் நம் பிள்ளைகளின் பிள்ளைப் பருவம் கழிந்தது. அதைப் பற்றி நாம் பேசியதில்லை. வறுமையில் அனுப்பினோம் என்ற வெட்கம் பெற்றோரின் வாயை அடைத்தது. பட்ட அவமானம் பிள்ளையின் வாயை அடைத்தது.

கனடாவின் பழங்குடி மக்களுக்கும் இப்படியொரு காயம் உண்டு. அங்கே அரசும் தேவாலயங்களும் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தன. தாய்மொழி பேசினால் தண்டனை. அங்கே பிரித்தது சட்டம். இங்கே பிரித்தது வறுமை. ஆனால் விளைவு ஒத்திருக்கிறது. தாய் மடி அறியாமல் வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளை அணைக்கத் தெரியாமல் தவித்தார்கள். குடியும் அடிதடியும் அடுத்த தலைமுறைக்கும் போயின. 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை ஆணைக்குழு ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலத்தைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. ஆனால் மன்னிப்பும் நட்டஈடும் மட்டும் மருந்தாகவில்லை. மூத்தோரோடு கூடியிருந்து பேசியதும், மொழியையும் சடங்கையும் மீட்டதுமே பலரை நிமிர்த்தின.

யாழ்ப்பாணத்தில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல்லாண்டு சிகிச்சையளித்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதையே வலியுறுத்துகிறார்: காயம் தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் உண்டு, ஆகவே ஆறுதலும் ஊராகச் சேர்ந்தே வரவேண்டும்.

லயத்தில் ஒருவர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் சாராயத்தைத் திட்டிவிட்டுப் போகிறோம். அவர் எந்த வீட்டில், யாருடைய எச்சில் கோப்பையைக் கழுவி வளர்ந்தார் என்று கேட்டதுண்டா?

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் மாதத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். பேச விரும்புபவர் பேசட்டும். யாரையும் வற்புறுத்த வேண்டாம். அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது. மனம் தாங்காதவர்களுக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களைத் தோட்ட வைத்தியசாலைகளுக்குத் தருமாறு அரசைக் கேட்போம்.

இனி ஒரு பிள்ளையும் போகக்கூடாது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலை செய்த டயகமச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். அவளுக்கு வயது 16. சட்டம் தாளில் இருந்தால் போதாது. தரகர் தோட்டத்துக்கு வந்தால் கமிட்டிக்குச் சொல்லுங்கள், 1929க்கு அழையுங்கள்.

வயிறு நிறையாத சம்பளம்தான் தரகரை லயத்து வாசலுக்கு அழைத்து வருகிறது. ஆகவே சம்பளப் போராட்டமும் இந்தக் காயத்துக்கு மருந்துதான்.

கொக்குவிலிலிருந்து திரும்பிய அந்தத் தோழியின் பேத்தி இன்று பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளை வீடு திரும்பும்வரை பாட்டி வாசலிலேயே நிற்கிறார். அவரோடு நாமும் நிற்போம்.