ஊருக்குப் புறப்படுமுன்...

கழுத்தில் தைராய்டை ஒட்டி, அரிசி மணியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பது அவற்றின் வேலை. ஒன்று கட்டியாகிப் பெருத்தால் எலும்பின் சத்து ரத்தத்தில் கரைந்துவிடும். எலும்பு நோகும், சிறுநீரகத்தில் கல் சேரும். கட்டியை எடுப்பதே தீர்வு. 1925-ல் வியன்னாவில் டாக்டர் பெலிக்ஸ் மாண்டில் இந்த ஆபரேஷனைச் செய்தது ஒரு டிராம் கண்டக்டருக்குத்தான்.

ஆபரேஷன் முடிந்தபின்தான் கவனம் தேவை. சத்திழந்த எலும்பு சுண்ணாம்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மற்றச் சுரப்பிகள் பழையபடி வேலை செய்யச் சில நாட்களாகும். முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தத்தில் சுண்ணாம்பு வெகுவாகக் குறையலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, பிறகு கை இசிவு. இதை அசதி என்று எண்ணிப் படுத்துவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

மும்பை ஆஸ்பத்திரியில் மராத்தியிலோ இந்தியிலோ சொல்லப்படும் எச்சரிக்கை, மறுநாளே திருநெல்வேலிக்கு ரயிலேறும் தமிழ்த் தொழிலாளிக்கு எட்டுமா? அறிகுறிகள், கால்சியம் மாத்திரையின் அளவு, அடுத்த ரத்தப் பரிசோதனை நாள் மூன்றையும் தமிழில் எழுதி, வீட்டுக்கு அனுப்பும்போதே கொடுக்கவேண்டும். அதுவரை, மொழி தெரிந்த ஒருவரை உடனழைத்துச் சென்று இம்மூன்றையும் கேட்டறிவது நல்லது. அரைத்தாள் காகிதத்தில் ஓர் ஆபத்தைத் தடுக்க முடியுமானால், ஆஸ்பத்திரிகளுக்குத் தயக்கம் ஏன்?