ஒரே ஒரு செடிதானே?

திருநெல்வேலியில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வீட்டு வராந்தாவில் இருபது தொட்டி வைத்து ஆர்க்கிட் வளர்க்கிறார். பூக்களிடம் அவருக்குள்ள வாஞ்சையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் போன மாதம் காபி கொடுத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "பொதிகைமலைச் செடி ஒண்ணு கொண்டாந்து தாரேன்னு ஒருத்தன் சொல்லுதான், அண்ணாச்சி. ஒரே ஒரு செடிதானே?"

காபி கசந்துவிட்டது.

அவர் ஆசைப்பட்டது பாபியோபெடிலம் ட்ரூரியை. நம் ஆர்க்கிட்டுகள் பலவும் மரத்தில் தொற்றி வாழ, இது பாறையோரம் புல்லுக்கிடையே தரையில் வளர்வது. மஞ்சள் இதழ், நடுவே கரும்பழுப்புக் கோடு, அடியில் செருப்பின் மூக்குப்போல ஒரு பை. தென்னிந்தியாவில் இந்தச் செருப்புப் பூ இனத்தில் இருப்பது இது ஒன்றுதான்; அதுவும் அகத்தியமலைத் தொடரின் உயர்ந்த சரிவுகளில் மட்டும்.

1865-ல் கர்னல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரர் இதைக் கண்டெடுத்தார். பேரும் அவர் பேராயிற்று. போகட்டும். பிறகு சீமைக் கண்ணாடி வீடுகளுக்காக வியாபாரிகள் வாரியதில், செடியே அற்றுப்போயிற்று என்று தாவர சாஸ்திரிகள் நம்பினார்கள். 1972-ல் மறுபடி அகப்பட்டது. உடனே மறுபடியும் பிடுங்கல்! இந்தத் தடவை வெள்ளைக்காரனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

"மறுபடி முளைக்காதா?" என்பீர்கள். இதன் விதை வெறும் தூசி; உள்ளே ஆகாரம் கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். அந்த மண்ணையும் மூடுபனியையும் சிநேகிதர் தொட்டியிலே கொண்டுவந்துவிடுவாரா? நம்மூர்ச் சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1990 முதல் இந்த இனத்துக் காட்டுச் செடிகளை நாடுவிட்டு நாடு விற்கக் கூடாது. நம் வனவிலங்குச் சட்டமும் காக்கிறது. ஆனால் சரிவுக்குச் சரிவு காவல் போட முடியுமா? வாங்குகிறவர் இருக்கிறவரை பிடுங்குகிறவனும் இருப்பான். திருடன் மலையில் இல்லை ஐயா, வராந்தாவில் காபி குடிக்கிறான்!

அந்தக் காபியும் தாமிரபரணித் தண்ணீர். மேலே புல்லும் சோலையும் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் கோடையிலும் ஆறு ஓடுகிறது. அந்தப் புல்லில் நிற்கும் செடியைத்தான் "ஒன்றுதானே" என்கிறோம். அப்படிக் கேட்ட ஒவ்வொருவரும் நல்லவர்; ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். "அப்போ வேண்டாங்கீகளா?" என்றார்.

"வேண்டாம். பண்ணையில் வளர்த்த வேறு ஆர்க்கிட் வாங்கிக்கொள்ளும்."

அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஆள் இன்னும் வரவில்லையாம்.